கம்பத்தடிக்குப் பூட்டு

பட்டியலில் ஆறு வரி வரைக்கும் கை தடுமாறாமல் வந்துவிட்டது. ஏழாவதில் வந்து எப்சிபா மாட்டிக்கொண்டாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள், ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள், குடித்த தம்ளரைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தாள், எதிர்வீட்டு மாடியில் காயும் போர்வையை எண்ணினாள், ஒரே ஒரு போர்வை, அதில் எண்ண என்ன இருக்கிறது கிறுக்கி என்று தன்னையே ஏசிக்கொண்டாள், திரும்பி வந்து உட்கார்ந்தால் ஏழாவது வரி அங்கேயேதான் இருந்தது. எங்கே போய்விடும் அது? மணி இரண்டே கால். நாலு மணிக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். "நாலு மணிக்குள்ள பூட்டுப் போட்டு முடிச்சிருட்டி. இல்லேன்னா நாங்க மொத்தமா வாட்ஸ்அப்புக்குப் போயிருதோம், ஆமா" என்று ரெஜினா புதன்கிழமையே எழுதிவிட்டாள். ரெஜினா சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை சாம்பாரில் கரப்பான் கிடந்ததென்று நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தவள் அவள். பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியில் ஒன்றாகப் படித்து, ஒன்றாக வளர்ந்து, தூத்துக்குடி, மதுரை, சென்னை, ஷார்ஜா என்று சிதறிப்போன நாற்பத்துமூன்று பேர் எழுத்தால் கூடிப் பேசுகிற இடம் அது. அதற்குப் பேர் கம்பத்தடி. அது இருப்பதோ சமாதானபுரத்தில் எப்சிபா வீட்டுப் பீரோவுக்கு மேலே, ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள். தினமும் காலையில் அவள் வீட்டுக்காரர் தர்மராஜ் அந்தப் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். காய்ச்சலா என்று பிள்ளை நெற்றியில் வைத்துப் பார்ப்பதுபோல. உள்ளே ஓடுகிற அதிர்வு கைக்குத் தெரிந்தால் தலையை ஆட்டிவிட்டுப் பல் தேய்க்கப் போவார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அவள் கை வைத்துப் பார்க்கிறாள்.

போன மாதம் வரைக்கும் பூட்டே தேவைப்படவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். இருபது வருஷத்துக்கு மேல் திறந்தே கிடந்த வாசல். எவனோ ஒருத்தன், நல்லா இருக்கமாட்டான், விருந்தாளி என்ற பேரில் நுழைந்து மூன்று நாள் பேச்சை அள்ளிக்கொண்டு போய் வெளியில் எங்கேயோ போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே கண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சிகளை ஒட்டிவிட்டான். டேனியல் எழுதினதுதான் முதலில் இருந்தது. "நேத்து நான் கடை போனேன் மூடி கோவம் திரும்பி நடந்தேன் கால் வலி." பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேளாதவன், கைமொழியில் நினைக்கிறவன், கை எந்த வரிசையில் பேசுமோ அந்த வரிசையில் தமிழை எழுதுகிறான், அதற்கு என்னவாம்? கம்பத்தடியில் யாருக்காவது அது புரியாமல் போனதுண்டா? ஐம்பத்தாறு வயசுத் தையல்காரன், மூன்று பேரப்பிள்ளைகள். பேரன் பார்த்துவிட்டு "தாத்தா இது நீங்களா"ன்னு கேட்டானாம். அன்றோடு டேனியல் கம்பத்தடிக்கு வரவில்லை. ஒரு மாசமாகிறது. அதற்கப்புறம்தான் சென்னையில் வங்கிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஸ்டீபன் உட்கார்ந்து பட்டியல் போட்டு அனுப்பினான், ஒன்பது வேலை. விருந்தாளி வாசலை அடை, முடிந்தது. எல்லாருக்கும் புதுக் கடவுச்சொல், முடிந்தது, அதிலும் பாதிப் பேர் பிள்ளைகள் பேரையே வைப்பார்கள், சொன்னால் கேட்கமாட்டார்கள். ஐந்து தடவை தப்பாக அடித்தால் கதவு அடைத்துக்கொள்ள வேண்டும், போகிற வருகிற எழுத்தை வழியில் எவனும் பிரித்துப் படிக்கக் கூடாது, வெளியூரிலிருந்து எவனும் பெட்டியின் சாவியைத் தொடக் கூடாது, யார் எப்போது வந்தார்கள் போனார்கள் என்ற குறிப்பு மட்டும் பத்து நாள் இருக்கட்டும். இவ்வளவும் ஆயிற்று. அரசாங்க ஆபீசில் முப்பது வருஷம் தட்டச்சிலும் கம்ப்யூட்டரிலும் விரல் தேய்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா. ஏழாவது, பேச்சுப் பதிவை நிறுத்து. எட்டாவது, பழைய பதிவை எல்லாம் அழி. ஒன்பதாவது, பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போடு. எட்டாவதை நினைத்துத்தான் ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பழைய பதிவு என்றால் யார் அது? தர்மராஜ்தானே. மற்றவர்களுக்குப் புருஷன் போனால் கல்யாண கேசட்டில் குரல் இருக்கும், போனில் பேசிப் பிடித்துவைத்தது இருக்கும். இவளுக்கு அவர் குரல் அந்த எழுத்துதான். முதல் நாள் முதல் வரியாக அவர் கேட்டது இன்னும் உள்ளே இருக்கிறது. "வெளிச்சம் இருக்கா?" அவ்வளவுதான் கேட்டார். பதிலுக்கு ஒன்பது பேர் "இருக்கு" "இருக்கு" "இருக்கு" என்று எழுதினார்கள்.

அந்தக் கேள்வி கம்பத்தடிக்காரர்களுக்கு மட்டும்தான் விளங்கும். விடுதியில் ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டுக்கு விளக்கணைப்பு. விளக்கை அணைத்துவிட்டால் காது கேட்கிற பிள்ளைகள் இருட்டில் குசுகுசுவென்று பேசலாம். இவர்கள் என்ன செய்ய? கை தெரியாதே. வார்டன் அணைக்கிறது விளக்கை இல்லை, அறுபது வாய்களை. அதனால் காம்பவுண்டு சுவரை ஒட்டி வெளியே நின்ற தெருவிளக்குக் கம்பத்தின் வெளிச்சம் உள்ளே ஒரு பாய் அகலத்துக்கு விழுமே, அந்த இடத்துக்கு ஒவ்வொருத்தராய் ஊர்ந்து போய்ச் சேர்வார்கள். பையன்கள் அந்தப் பக்கம், பெண்பிள்ளைகள் இந்தப் பக்கம், நடுவில் கம்பி வலை. வலைக்கு அந்தப் பக்கமிருந்துதான் புருவத்தில் தழும்போடு ஒருத்தன் இவளைப் பார்த்து முகவாயைத் தொட்டுக் காட்டினான். முகவாயில் இவளுக்கு ஒரு மச்சம். அதுதான் கைமொழியில் இவள் பேர். தழும்பைத் தடவினால் தர்மராஜ், இரண்டு சடையைத் தொட்டால் ரெஜினா. முதலில் அவர் முகவாயையா தொட்டார், சடையையா? சடையைத்தான். ஒன்பதாம் வகுப்பில் அவர் கண் ரெஜினா மேல்தான், ஊருக்கே தெரியும், ரெஜினாவுக்கும் தெரியும், அவள் "போடா தழும்பு" என்று கையை வீசிவிட்டுப் போனாள். அதற்கப்புறம்தான் முகவாய். அட, நாற்பது வருஷமாகிறது, இன்னும் அந்தச் சடையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாயே எப்சி. ஆனால் கம்பத்தடியில் ஒரு குறை இருந்தது. ஒளிவுமறைவே கிடையாது. கையால் பேசினால் தெருக்கோடியில் நிற்கிறவனுக்கும் தெரியும். ரகசியம் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் தலையை விட்டு, டார்ச்சை வைத்துக்கொண்டு, நெஞ்சோடு ஒட்டிச் சின்னதாகக் கையை ஆட்ட வேண்டும். போர்வை ஆடினாலே மற்றவளுகளுக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால்தான் கம்பத்தடி கம்ப்யூட்டருக்கு வந்தபோது, இரண்டு பேர் மட்டும் தனியாகப் பேசிக்கொள்ள ஒரு ஜன்னல் திறக்கும் என்று தர்மராஜ் காட்டினபோது, ரெஜினா கண் கலங்கிவிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் பார்த்த முதல் கதவு அது. அதற்குள் எதையெல்லாம் கொட்டினார்கள்! மாமியார், கரு கலைந்தது, மகன் பேசமாட்டேனென்கிறான், தூங்க முடியவில்லை, எல்லாம்.

இப்போது ஏழாவது வரிக்கு வருவோம். வந்துதானே ஆக வேண்டும். பேச்சுப் பதிவு என்று ஒரு வரிதான் இருக்கும், ஆம் என்பதை இல்லை என்று மாற்றிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்திருந்தாள். அதற்குக் கீழே உள்தள்ளி இன்னொரு வரி இருந்தது. அமைப்புக் கோப்பு முழுக்க ஆங்கிலம், அவள் மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டேதான் வருவாள். பொது அறைப் பேச்சு, ஆம். தனி உரையாடல், ஆம். முதலில் தப்பாக வாசித்துவிட்டோமென்று கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். ஆம். எத்தனை நாளுக்கு வைக்க வேண்டும் என்ற இடத்தில் பூஜ்யம், அதாவது என்றைக்கும். கதவு என்று நம்பி எல்லாரும் உள்ளே போய் அழுதார்கள், கதவுக்குப் பின்னால் இந்த மனுஷன் ஒரு நோட்டைத் திறந்து வைத்திருந்திருக்கிறார். போன வாரம்தானே எல்லாரும் பயந்துபோய்க் கேட்டபோது இவள் மார்தட்டி எழுதினாள், "தனியாப் பேசினது எதுவும் எங்கயும் தங்காது, நிம்மதியா இருங்க"ன்னு. அட கர்த்தாவே. என் வாயால், சரி என் விரலால், பொய் சொல்ல வைத்துவிட்டீரே. என்ன மனுஷன் நீர்? வேவு பார்க்கவா பெட்டி வாங்கினீர்? கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. சுவரில் மாட்டின போட்டோ அதே பாதிச் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருக்கிறது. கைமொழியில் நீங்களும் கிடையாது நீரும் கிடையாது, எல்லாரும் நீதான். கோபம் வந்தால்தான் அவள் மனசில் எழுத்துத் தமிழ் வரும், மரியாதையோடு வரும், அதுதான் அவள் ஏச்சு. ஆனால் ஏசி முடிப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது, விளங்காமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேவு இல்லை. ஒண்ணுமில்ல. அந்த ஒரு வார்த்தைதான். தர்மராஜுக்கு உலகத்திலேயே பிடிக்காத வார்த்தை. கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், இவர் பக்கத்து இலைக்காரர் தோளைத் தொட்டு என்ன என்று கையை விரிப்பார், அவர் சிரித்துக்கொண்டே உதட்டைக் குவித்துக் கையை வீசுவார், ஒண்ணுமில்ல. பஸ் நடுவழியில் நின்று ஜனமெல்லாம் இறங்கும், என்ன? ஒண்ணுமில்ல, இறங்கு. காது கேட்கிறவர்களுக்கு ஒரு தடவை சொன்னதைத் திருப்பிச் சொல்ல அவ்வளவு சோம்பல். அவர் அப்பா ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடுகிறதுக்குக் கொஞ்சம் முன்னால் இவரைக் கையால் காட்டி, இவரைப் பார்த்தபடியே, ஏதோ சொன்னார். பெரிய பேச்சு, நாலைந்து வாக்கியம் இருக்கும். உதடு கோணிப்போயிருந்ததால் வாசிக்க முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாம் அழுதார்கள். இவர் தன் அண்ணன் சட்டையைப் பிடித்துக் கேட்டார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்லுதேன் என்றார். அடக்கம் முடிந்து கேட்டார், மூன்றாம் மாதம் கேட்டார், வருஷ ஜெபத்தில் கேட்டார். அண்ணனுக்கு மறந்துபோய்விட்டது. ஏதோ உன்னைப் பத்தித்தான்ல சொன்னாரு என்பதோடு சரி. அதுக்கப்புறம் வாங்கினதுதான் இந்தப் பெட்டி. வாங்கின அன்றைக்கு ஆம், இல்லை என்று கேட்ட இடத்திலெல்லாம் அவர் ஆம், ஆம், ஆம் என்று அடித்துக்கொண்டே போனதை இவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒண்ணுகூட விடக்கூடாது எப்சி என்று கையை இறுக்கி மூடிக் காட்டினார். கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும், யாரும் யாருக்கும் அப்புறம் சொல்லுதேன் என்று சொல்லிவிடக் கூடாது. அந்த ஆம்களுக்குள் இந்த ஆமும் ஒன்று. காது கேட்கிறவன் எவனாவது இந்தத் தப்பைச் செய்வானா? செய்யமாட்டான், அவனுக்குத் திருப்பிக் கேட்க வேண்டிய பேச்சு ஒன்றும் இல்லை.

பாவம்தான். ஆனாலும் ரெஜினாவிடம் போய்ப் பாவம்டி என்று சொன்னால் ஆயிற்றா? மணி இரண்டு ஐம்பது. கோப்புகள் வரிசையாக இருந்தன, இரண்டிரண்டு பேராக. டேனியலும் ஸ்டீபனும். ரெஜினாவும் தர்மராஜும். அந்த வரிசையில் கண் நின்றது, நிற்காமல் இருக்குமா. திறந்தால் ஒரு நொடி. சடை தொட்ட கதை அதற்குள் முடிந்துவிட்டதா, முடியவில்லையா, தெரிந்துவிடும். சுட்டியைக் கொண்டுபோய் வைத்தாள், எடுத்தாள். தெரிந்து என்ன செய்யப் போகிறாய், போட்டோவைத் திருப்பி வைக்கப் போகிறாயா? அதற்குக் கீழே எப்சிபாவும் ரெஜினாவும். அதைப் பார்த்ததும் சுட்டியை விட்டுக் கையை எடுத்துவிட்டாள். அதைத் திறக்கவே வேண்டாம், அதில் இருக்கிற ஒரு நாள் மனப்பாடம். ரெஜினாவின் இரண்டாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்த வாரம், செவ்வாய்க்கிழமை, இரண்டாயிரத்து ஆறு செப்டம்பர் பன்னிரண்டு. உத்தமப் பொண்டாட்டி மாதிரி சிரித்துச் சிரித்துப் பத்து வருஷம் ஓட்டியாகிவிட்டது, அன்றைக்கு என்னவோ பொங்கிவிட்டது. "ஏட்டி, உங்கிட்டச் சொல்லுதேன். படுத்த உடனே லைட்ட அமத்திட்டுத் திரும்பிக்கிடுதாரு. இருட்டிலே எனக்கு வாயும் இல்ல, அவருக்குக் காதும் இல்ல. அன்னன்னைக்கு உள்ளதைப் பேசணும்னு எனக்குத் தோணாதா? வார்டன்கிட்ட இருந்து தப்பிச்சு இன்னொரு வார்டன்கிட்ட வந்து மாட்டிக்கிட்டேன்." இப்படியே ஒரு பக்கம். ரெஜினா "நீ அவர்கிட்டயே கேளேன்" என்றாள். கேட்கவில்லை. பொம்பளை வெட்கம் விட்டு அதைக் கேட்பாளா? அவர் இதைப் படித்தாரா? படித்திருந்தால் எப்படி என் முகத்தைப் பார்த்தார், எப்படி மறுநாள் காபியை வாங்கிக் குடித்தார்? படித்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பெட்டிக்குள் இன்னொரு சின்னப் பதிவு உண்டு, பழைய பேச்சுக் கோப்பைச் சாவி வைத்திருப்பவர்களில் யார் என்றைக்குத் திறந்தார்கள் என்று மட்டும் எழுதிவைக்கும். ஸ்டீபன்தான் சொன்னான், காவல்காரனுக்குக் காவல்காரன் அக்கா அது என்று. அதைப் பார்ப்பதில் பாவமில்லை. பாவமில்லை என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டு திறந்தாள்.

தனிப்பேச்சுக் கோப்புகளை அத்தனை வருஷத்தில் யாரும் தொடவில்லை. ஒரே ஒரு வரியைத் தவிர. தர்மராஜ், இரண்டாயிரத்து ஆறு செப்டம்பர் பதினாலு, வியாழக்கிழமை, திறந்தது எப்சிபாவும் ரெஜினாவும். அவ்வளவுதான். வேறு யாருடைய கோப்பும் அல்ல, அவளுடையது. மோசக்காரா என்று வாய்விட்டுச் சொன்னாள், எட்டு வயசில் மூளைக்காய்ச்சலில் காது போன பிறகும் அவளுக்குக் கொஞ்சம் பேச்சு மிச்சமிருந்தது, தொண்டையில் அதிர்வது தெரிந்தது. திருட்டுத்தனமா என் போர்வைக்குள்ள தலையை விட்டு, ஒரு தடவை, ஒரே தடவை. வியாழக்கிழமை. வெள்ளி ஒன்றும் நடக்கவில்லை, சனி ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நான விருந்து முடிந்து வருகிற வழியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் வண்டியை நிறுத்தி அவர் என்னவோ வாங்கினார். என்ன என்று கேட்டாள். ஜீரோ வாட் பல்பு, நீலம். எதுக்கு? பல்லி ஜாஸ்தியா இருக்கு எப்சி, வெளிச்சம் கிடந்தா மேல விழாது. பல்லி வெளிச்சத்துக்குத்தான் வரும், கிறுக்கா நீ என்று இவள் சிரித்தாள். அவர் கட்டிலுக்கு நேர் மேலே மாட்டினார். அன்றைக்கு ராத்திரி பெரிய விளக்கை அமத்தின பிறகு, நீல வெளிச்சத்தில் அவர் இவள் பக்கம் திரும்பிப் படுத்து, முகவாயைத் தொட்டு, அப்புறம் என்ன என்று கையை விரித்தார். அப்புறம் என்ன. அன்றிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் அப்புறம் என்னதான். ஆபீஸ் சண்டை, பருப்பு விலை, ஊரில் யார் யாரோடு ஓடிப்போனாள், எல்லாம் பேசினார்கள், கை ஓய்ந்து தூங்கிப் போகிற மட்டும் பேசினார்கள். பல்பு கெட்டுப் போனால் மறுநாளே புதுசு. பத்துப் பதினைந்து மாறியிருக்கும். எங்கள் சந்தோஷம் தானாக வந்தது என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள், பாருங்கள். எப்சிபா எழுந்து படுக்கையறைக்குப் போனாள். பட்டப்பகலில் அந்த நீல பல்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷமாக அதை அவள் அணைக்கவே இல்லை. அதன் கீழே நின்றுகொண்டு அழுதாள், கோபமாக அழுதாளா சந்தோஷமாக அழுதாளா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

மணி மூன்று நாற்பது. ஏழாவது வரியையும் அதன் கீழ்வரியையும் இல்லை, இல்லை என்று மாற்றினாள். இனி எட்டாவது. அழி என்று ஒரு கட்டளை கொடுத்தால் கால் நிமிஷத்தில் எல்லாம் போய்விடும், தனிப்பேச்சு, பொதுப்பேச்சு, காவல்காரனின் அந்த ஒரு வரி. யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. அவர் பேர் கெடாது. டேனியல் திரும்பி வருவான், ரெஜினா பழையபடி சிரிப்பாள், கம்பத்தடி நிற்கும். சொன்னாலோ, பாதிப் பேர் அந்த நிமிஷமே போய்விடுவார்கள், போனவர்கள் தர்மராஜை என்னவென்று ஏசிக்கொண்டு போவார்கள்? செத்தவர் வந்து விளக்கமா சொல்லுவார்? கட்டளையை அடித்துவிட்டாள். கடைசிப் பொத்தானைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. பொத்தான் மேல் விரல் இருந்தது, இருந்தபடியே இருந்தது. திரையின் மூலையில் மணி மூன்று ஐம்பத்தொன்பது ஆனது.

மினுக் மினுக். அதுதான் கம்பத்தடி வழக்கம், உள்ளே வருகிறவர்கள் எழுதுகிற முதல் சொல். விடுதியில் ஆள் வந்ததைக் காட்ட விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவார்களே, அது. முதலில் ரெஜினா. அப்புறம் ஷார்ஜாவிலிருந்து இரண்டு பேர், ஸ்டீபன், மதுரைக்காரர்கள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. கடைசியாக ஒரு மினுக் மினுக், ஒரு மாசமாக வராத பேர், டேனியல். எல்லாரும் ஒரே நேரத்தில் "ஏ டேனியலு" "வாய்யா" "எங்கய்யா போனே" என்று எழுத, திரை மளமளவென்று ஏறியது. ரெஜினா கேட்டாள், "எப்சி, பூட்டியாச்சா? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? ஏதும் பிரச்சினை உண்டா?"

எப்சிபாவின் விரல்கள் தாமாக அடித்தன. ஒண்ணுமில்ல. அனுப்புகிற பொத்தானைத் தட்டப் போகையில்தான் என்ன அடித்திருக்கிறோம் என்று பார்த்தாள். சிரித்துக்கொண்டே கையை வீசுகிற பந்திக்காரர்கள், சட்டையைப் பிடித்தும் சொல்லாத அண்ணன், எல்லாரும் அந்த ஒரு சொல்லில் வந்து நின்றார்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்து அழித்தாள். இன்னொரு ஜன்னலில் காத்துக்கிடந்த அழி என்ற கட்டளையையும் அழித்தாள். சொல்லாமல் அழித்துவிட்டால் அதுவும் அப்புறம் சொல்லுதேன்தானே.

"உண்டு" என்று எழுதினாள். "நீங்க தனியாப் பேசினது எல்லாம் இத்தனை வருசமா பெட்டியிலே பதிவாகியிருக்கு. அவருதான் அப்படி வச்சிருக்காரு. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். போன வாரம் நான் சொன்னது பொய். ஒரு தடவை அவரு ஒரு கோப்பைத் திறந்து படிச்சிருக்காரு. அது என்னோடது. ரெஜினா, உன்னோடதும்தான். இன்னும் ஒண்ணையும் நான் அழிக்கல. எதை அழிக்க, எதை வைக்கன்னு நீங்கதான் சொல்லணும். நடந்ததைச் சொல்லுதேன். கேட்டுட்டுப் போறவங்க போங்க."

திரை அப்படியே நின்றது. யாரோ ஒரு மதுரைக்காரர் வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. இன்னொருத்தர் வெளியேறினார். ரெஜினாவின் பேருக்குப் பக்கத்தில் எழுதுகிறார் என்று வந்து, நின்று, மறுபடி வந்து, நின்றது. எப்சிபா பீரோவுக்கு எட்டி, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டேனியல்தான் முதலில் எழுதினான்.

"நாங்க இரு. நீ சொல்லு. முழுசு சொல்லு ஒண்ணு விடாம."

எப்சிபா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, நீல பல்பிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.